எதிர் வாளித் தண்ணீர்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதும் நான் உட்கார்ந்து அழுதேன் என்று நினைத்துவிடாதே. நீ விட்டுப்போன மீன் துண்டை நானே எடுத்துத் தின்றேன். எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். உன் அப்பா உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வார். தின்று முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதான், நீ சிரம்பானில் பஸ் மாறி கோலா கிளாவாங் போய்ச் சேரவேண்டுமே, வெறும் வயிற்றோடு அந்த மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றுமே என்று தோன்றியது. அப்போது கொஞ்சம் அழுதேன். இந்தக் கடிதத்தில் எதையும் மறைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்டது பெரிய விஷயமில்லை. "கல்யாணத்தன்னிக்குத் தாலித் தட்டப் பெரிம்மா எடுத்துக்கிட்டுப் போய் எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கட்டும்மா" என்றாய். பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவை நீ உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரிம்மா என்றுதான் கூப்பிடுகிறாய். நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும். சயாமுக்கு ரயில்பாதை போடப் போன புருஷன் இருக்கிறானா செத்தானா என்றே இருபது வருஷத்துக்கு மேலாகத் தெரியாத பொம்பளை, கழுத்தில் தாலியைக் கழற்றவும் இல்லை, அதற்கு அர்த்தமும் இல்லை, அவள் கையில் தாலித் தட்டா என்றேன். நீ சோற்றிலிருந்து கையை எடுத்தாய். "ஒங்களுக்கு நெசமாவே அதுதானாம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டாய்.

அது இல்லை, தம்பி. அது எப்போதுமே இல்லை. எனக்கு அவள்மேல் பொறாமை. நீ கைப்பிள்ளையாக இருந்தபோதே பிடித்தது. சகுனம், சம்பிரதாயம் என்று அதற்கு நான் வெவ்வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. உன் மனைவி மேலும் எனக்குப் பொறாமை வரும், இப்போதே லேசாக வந்துவிட்டது. அதனால் நான் எப்படிப்பட்டவள் என்று நீ தெரிந்துகொண்டு பந்தலில் உட்காருவது நல்லது.

நான் ரஹாங்கில் பூக்கட்டுகிறவர் வீட்டில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். விரல்கள் மட்டும் பறக்கும். தோளும் கையும் வாழைத்தண்டு. தண்ணீர்க் குடத்தைக்கூட அண்ணன்மார் தூக்கி வந்து வைப்பார்கள். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, உன் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்து, கோலா சாவாவுக்கு உள்ளே இந்த ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். முதல் நாள் பைப்படியில் முக்கால் வாளித் தண்ணீரைத் தூக்க முடியாமல் நான் நின்றதை, வரிசை வீடுகளில் இருந்த லயமே வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு அந்த வாளியை ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டு போய் என் வாசலில் வைத்தவள்தான் பாக்கியம். "ரஹாங்குக்காரி, பூவா தூக்க வந்த?" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அவள் பால்மரம் வெட்டுகிறவள், பட்டையைச் சீவி ரப்பர் பால் இறக்குகிறவள். கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, அந்தக் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, மேட்டிலிருந்து பால் நிறுக்கும் கொட்டகை வரை ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்குவாள். நடந்துகொண்டே தோள் மாற்றுவாள். ஆம்பிளைகளே நின்று பார்ப்பார்கள். உன் அப்பாவும் பார்த்திருக்கிறார், அதை நானும் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் அவள் புருஷன் மாரிமுத்து அண்ணனுக்கும் பிள்ளை இல்லை. நீ பிறந்து நாற்பது நாளாவதற்குள் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் போய்விட்டார். ஜப்பான்காரன் வந்தான். பால் வெட்டு அநேகமாக நின்று, மரத்தை அழித்து மரவள்ளி நடச் சொன்னார்கள். அரிசி குறைந்துகொண்டே வந்து, பிறகு கண்ணிலேயே படவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையையும் மூடிவிட்டார்கள்.

உன்னைப் பெற்ற காய்ச்சலில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விட்டது. உட்கார்ந்த இடத்தில் மடியில் போட்டுப் பால் கொடுப்பேன். நீ வளர வளர, தரையிலிருந்து உன்னைத் தூக்கி இடுப்பில் வைக்க என் கை ஒத்துழைக்கவில்லை. ஒருமுறை தூக்கி, பாதியில் கை விட்டு, நீ வாசற்படியில் மோதிக்கொண்டாய். புருவத்தில் இருக்கும் தழும்பு அது. விளையாடும்போது விழுந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பொய். அதற்குப் பிறகு பயத்தில் நான் தூக்குவதையே விட்டுவிட்டேன். நீ அழுதால் நான் சுவரைத் தட்டுவேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தானே. பாக்கியம் வருவாள், ஒற்றைக் கையால் உன்னை அள்ளுவாள், தலையில் விறகுக் கட்டும் இடுப்பில் நீயுமாகப் போவாள். கூப்பிட்டதும் நான், வயிறெரிந்ததும் நான்.

அவளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பால் வெட்டு நின்றதால் சும்மா கிடந்த வாளிகளைக் கழுவி, ஒன்றில் துணி அணைகொடுத்து உன்னை உட்காரவைத்து, மற்றதில் தண்ணீர் ஊற்றுவாள். கம்பில் இரண்டையும் மாட்டித் தோளில் ஏற்றுவாள். உன் பக்கம் தாழ்ந்தால் எதிர் வாளியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர். கம்பு சமமாக நின்றதும் இறக்கிவைத்து, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்து, பால் வெட்டும் உளியால் வாளியின் உள்பக்கம் ஒரு கீறல் போடுவாள். நீ வாளியில் கையை அடித்துச் சிரிப்பாய். உன் முதல் சித்திரைக்கு ஒரு கீறல், ஆடிக்கு ஒன்று, அதற்கு மேலே தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. "பாருலா, ஒம் மவன் ஏறிக்கிட்டே போறான்" என்பாள். என் பிள்ளை வளர்ந்த கணக்கு அவள் வீட்டு வாளியில் இருந்தது. எனக்கு அந்த வாளிமேலேயே பொறாமை.

நாலாவது கீறலுக்குப் பிறகு கொஞ்ச நாளில், காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஜப்பான்காரன் லாரி வந்தது. சயாமில் மூன்று மாத வேலை, அரிசி கிடைக்கும், திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். உன் அப்பாவுக்குக் காலில் ஆறாத புண், நொண்டினார், வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். மாரிமுத்து அண்ணன் தோளைப் பார்த்ததுமே இழுத்துக்கொண்டார்கள். ஏறும்போது தன் காண்டாக் கம்பைப் பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். அவள் லாரி மறைந்ததும் என் வீட்டுக்கு வந்து, உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. சாயங்காலம்வரை உன்னை இறக்கவில்லை. அன்றைக்குக்கூட எனக்கு அவள்மேல் இரக்கம் வந்ததைவிட, என் பிள்ளையை எப்போது தருவாள் என்ற எண்ணம்தான் அதிகம் வந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அதற்கு அடுத்த மாதம்தான் நீ அவளை "ம்மா" என்றாய். என்னைப் பார்த்து அதுவரை ஒரு தெளிவான சொல் சொன்னதில்லை நீ. அவள் வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நீ என்னைத் தாண்டிப் போய் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கி, "ம்மா, ம்மா" என்றாய். அவள் பதறிப்போனாள். "நா இல்லடா அய்யா, அந்தா ஒங்கம்மா" என்று என் பக்கம் திருப்பிவிட்டாள். நீ திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அவளிடமே கையைத் தூக்கினாய். பிள்ளைக்கு என்ன தெரியும், தூக்குகிறவள் அம்மா. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

அந்தச் சமயத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் தைசோ செய்யவேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டிருந்தார்கள். தைசோ என்றால் உடற்பயிற்சி. வேலைக்குப் போகும் முன் கிழக்கே பார்த்து வரிசையாக நின்று கையை முன்னால் நீட்டி, மேலே தூக்கி, பக்கத்தில் விரித்து, இறக்கவேண்டும். வெறுங்கைதான், ஒன்றும் பிடிக்கவேண்டாம். மற்றவர்களுக்கு அது ஒரு கேலிக்கூத்து. எனக்கு எட்டு எண்ணுவதற்குள் தோள் நடுங்கிக் கை தானாக இறங்கிவிடும். ஒருநாள் மேஸ்திரி என்னை முன்னால் நிற்க வைத்து, கையை இறக்காமல் நிற்கச் சொன்னான். நான் நின்ற அழகைப் பார்த்து வரிசை சிரித்தது. பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. அவளும் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். வெறுங்கையைத் தூக்கினாலே நடுங்குகிறவள் பிள்ளையை எப்படித் தூக்குவது? முதலில் வெறுங்கைக்குத் தெம்பு வரவேண்டும். எல்லாரும் மரவள்ளிக் காட்டிலிருந்து திரும்பு முன், நீ தூங்கும் மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை. பலகைச் சுவருக்கு எதிரே கை எட்டும் தூரத்தில் நின்று, உள்ளங்கை இரண்டையும் பதித்து, முழங்கையை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து, பிறகு என்னை நானே பின்னால் தள்ளுவேன். முதல் நாள் நாலு முறை. ஐந்தாவதற்கு நெற்றி பலகையில் இடித்து அங்கேயே நின்றுவிட்டேன். பழைய பால் டின் இரண்டில் ஒரு சிரட்டை மணலைப் பங்கிட்டுப் போட்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்து, தைசோவில் காட்டியபடியே தூக்கினேன்.

ஆத்திரத்தில் தொடங்கியதால் ஆத்திரமாகவே செய்தேன். மூன்று நாள் விடாமல் தள்ளினேன், தூக்கினேன். நாலாம் நாள் காலையில் தலை வாரக் கை மேலே போகவில்லை. கிழங்கைப் பிட்டு வாயில் வைக்க முடியவில்லை. உன் அப்பா ஊட்டிவிட்டார். "என்ன புள்ள பண்ற? செவுத்தோட சண்டையா?" என்று கேட்டார். பிறகு நானாகவே கண்டுபிடித்தேன், ஒருநாள் செய்தால் மறுநாள் விடவேண்டும், விட்ட நாளில்தான் கை தேறுகிறது. வாரம் ஒருமுறை மணலைக் கூட்டினேன், அதுவும் ஒரு பிடி. சுவர் சுலபமானதும் சற்றுத் தள்ளி நின்றேன். பிறகு கட்டில் விளிம்பில் கை ஊன்றினேன். கடைசியில் தரையில் முட்டி போட்டு. நீ உன் வீட்டில் எதைத் தொடங்கினாலும் இப்படித்தான் தொடங்கவேண்டும் என்று இங்கே புத்தி சொல்லலாம். சொல்லமாட்டேன். கையை வளர்த்த அதே நாட்களில் நான் வேறொன்றையும் செய்தேன்.

பாக்கியம் உனக்குத் தினமும் சாப்பாடு கொடுத்துவந்தாள். கிடைத்த ஒரு கோழி முட்டை உனக்குத்தான். ஆற்றில் கூடை வைத்துப் பிடிக்கும் சின்ன மீனை, முள் எடுத்து, மசித்து ஊட்டுவாள். நீ அவள் வீட்டில் தின்றுவிட்டு வந்து என் கிழங்குக் கஞ்சியைத் தட்டிவிடுவாய். ஒருநாள் உன் வாயில் மீன் வாசனையோடு நீ என் கையைத் தள்ளிவிட்டபோது, நான் நேராக அவள் வாசலுக்குப் போனேன். "அக்கா, புருஷன் சயாமுக்குப் போன வீட்டுல எம் புள்ள கை நனைக்க வேணாம். ஒங்க கண்ணு அவம்மேல பட வேணாம்" என்றேன். அவள் கையில் உனக்குக் கொடுக்க வைத்திருந்த கிண்ணம் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். "சரிலா" என்றாள்.  அன்றைக்கு நான் அவளைச் சொன்ன அந்த வார்த்தைக்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேலை உடுத்தி உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

மூன்று மாதத்துக்கு நீ அந்தப் பக்கம் போகவில்லை. சுவரைத் தட்டி அவளை அழைப்பதையும் விட்டேன். கிழங்கு, கிழங்கு மாவு, கிழங்குக் கஞ்சி, சிவப்புப் பாமாயிலில் வதக்கிய கீரை, இதுதான் உனக்கு. நீ அழுதாய், பிறகு அழுகை குறைந்தது. அதை நான் நல்லதாக எடுத்துக்கொண்டேன், மறந்துவிட்டான் என்று. அதிகம் ஓடாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். அதையும் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். வயிறு முன்னால் வந்தது, சதை பிடிக்கிறது என்று நினைத்தேன். கன்னம்கூட உப்பித்தான் இருந்தது. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சத்தியம் செய்வேன், ஆனால் உண்மையில் நான் பார்த்தது என் கையை. முழங்கைக்கு மேலே ஒரு எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்ததை நாளுக்கு நாலு முறை தொட்டுப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் குனிந்து, உன் கக்கத்தில் கை கொடுத்து, தூக்கினேன். வந்துவிட்டாய். நடுக்கமே இல்லை. இடுப்பில் வைத்து வீட்டுக்குள் நடந்தேன். இன்னொரு முறை இறக்கித் தூக்கினேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷம் உன்னைப் பெற்றபோதுகூட வரவில்லை. சாயங்காலம் எல்லாரும் பைப்படியில் கூடும் நேரம் பார்த்து, உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தண்ணீர் தேவையில்லை, குடமும் எடுக்கவில்லை. லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தரம் நடந்தேன். பாக்கியம் வாசலுக்கு முன்னால் மட்டும் மெதுவாக நடந்தேன். "ரஹாங்குக்காரி புள்ளயத் தூக்கிட்டாடி" என்று யாரோ சொன்னது காதில் தேனாக விழுந்தது.

பாக்கியம் வாசற்படியில் நின்று பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக என் பக்கத்தில் வந்தாள். கேட்காமல் கையை நீட்டி உன்னை வாங்கினாள். வாங்கிய உடனே அவள் முகம் மாறியது. உன்னை ஒற்றைக் கையில் வைத்து லேசாக மேலும் கீழும் அசைத்தாள், பால் வாளியை நிறுவைக்கு முன் கையிலேயே எடை பார்ப்பாளே, அப்படி. "உள்ள வா" என்று என்னைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். எனக்குக் கோபம். என் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிறாளே என்று பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே, எங்கள் நடுச்சுவரில், நான் என் பக்கமிருந்து கை ஊன்றும் அதே உயரத்தில், மாரிமுத்து அண்ணனின் காண்டாக் கம்பைத் தரையிலிருந்து சாய்வாக முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். அதை உருவி எடுத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "நீ தள்ளித் தள்ளி ஆணி கழண்டுருச்சு. வுட்டா பலகயோட சேந்து எம் மேலதான் வந்து வுழுவ" என்றாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான் எதற்காகத் தள்ளுகிறேன் என்றும் தெரிந்துதான் இருக்கும். புருஷன் கொடுத்துவிட்டுப் போன கம்பை வைத்து, என் பொறாமை கீழே விழாமல் அந்தப் பக்கமிருந்து தாங்கியிருக்கிறாள்.

உன்னை வாளியில் உட்காரவைத்தாள். நீ வாளியைத் தட்டவில்லை, சிரிக்கவில்லை. எதிர் வாளியில் மேல் கீறல்வரை தண்ணீர் ஊற்றினாள். கம்பைத் தோளில் ஏற்றியதும் தண்ணீர்ப் பக்கம் தரையில் இடித்தது, நீ மேலே போய்விட்டாய். அவள் இறக்கிவைத்துக் கொஞ்சம் தண்ணீரைக் கீழே சாய்த்தாள். மறுபடி ஏற்றினாள். மறுபடி தண்ணீர்தான் தாழ்ந்தது. இன்னும் சாய்த்தாள். நாலாவது கீறலுக்குக் கீழே போனது, மூன்றாவதற்கும் கீழே போனது. ஆடிக் கீறலில்தான் கம்பு சமமாக நின்றது. ஒன்றரை வயதுக்கு மேலான பிள்ளை, நடக்கத் தெரியாதபோது இருந்த எடையில் இருந்தாய். "ஒனக்குக் கையில தெம்பு வந்துச்சுதான்" என்றாள் பாக்கியம். "ஆனா புள்ள பாதி எறங்கிட்டான்டி."  என் கையில் இருந்த எலுமிச்சங்காயை அரிந்து எறியவேண்டும்போல இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை.  "அக்கா, ஏதாச்சும் குடுங்க அவனுக்கு" என்றுதான் சொன்னேன். அவள் மூடி வைத்திருந்த மீன் சாற்றை எடுத்து உனக்கு ஊட்டினாள். நீ முதலில் துப்பினாய். பிறகு நக்கினாய். ஊட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பேச்சுப் பேசினாள். "சோறு தண்ணி நா குடுக்கிறேன். அதுக்கு மட்டும் குறுக்க நிக்காத. தூக்குறத இனிமே நீயே தூக்கு. நா தூக்கல. நீ எந் தங்கச்சி, அதுல ஒனக்குக் கஷ்டம் வேணாம்." நான் தலையாட்டினேன்.

நீ தேற ஆறு மாதம் பிடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் மருந்து கிடையாது, பூச்சிக்குப் பப்பாளி விதையை அரைத்துக் கொடுக்கச் சொன்னார். பாக்கியம் ஆற்றில் நின்று நின்று காலில் சேற்றுப்புண் வந்தும் மீன் பிடித்தாள். நீ எழுந்து ஓடத் தொடங்கியதும் நேராக அவளிடம்தான் ஓடினாய். இரண்டு கையையும் தூக்கி நின்றாய். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஒங்கம்மாகிட்ட போடா அய்யா" என்றாள். நீ உதட்டைப் பிதுக்கினாய், முழங்காலில் தலையை முட்டினாய். அவள் கை பின்னாலேயே இருந்தது. விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பின்பக்கமிருந்து பார்த்தேன். நான் வந்து உன்னைத் தூக்கிக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. அதுதான் என் குற்றம். அவள் வீட்டுச் சோற்றில் வளர்ந்த பிள்ளையை அவள் கண்ணெதிரில் நான் தூக்கினேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதன்பிறகு அவள் உன்னைத் தூக்கவே இல்லை. ஜப்பான்காரன் போனான், அரிசி வந்தது, சயாமிலிருந்து நாலைந்து பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மாரிமுத்து அண்ணன் அதில் இல்லை. அவரைக் கடைசியாகப் பார்த்தவர்களும் இல்லை. அன்றைக்காவது அவள் மடியில் உன்னைக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

நீ கோபித்துக்கொண்டு போன மறுநாள் அவளிடம் போனேன். நீ கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அவள் சிரித்தாள். "எங்கையப் பாருடி" என்று நீட்டினாள். தேநீர்க் கோப்பையைப் பிடித்தாலே ஆடுகிறது. தட்டு, தேங்காய், தாலி, மஞ்சள் அரிசி என்று அத்தனையையும் தூக்கிக்கொண்டு சபையைச் சுற்றி வரமுடியாது என்றாள். "நீயே தூக்குலா. ஒங்கைதான் இன்னும் இரும்பா இருக்கே." உண்மைதான், நான் இன்றைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் சுவரைத் தள்ளுகிறேன். இதோ, அவளே வேண்டாம் என்றுவிட்டாள், உனக்கு அப்படியே எழுதிப் போட்டுவிடலாம் என்று எனக்குள் ஒருத்தி துள்ளினாள். இத்தனை வயதிலும் அவள் சாகவில்லை.

அவளை அடக்கிக்கொண்டு, "அக்கா, அன்னிக்குத் தூக்கலன்னு சொன்னீங்கள்ல, அத இப்ப வுட்டுருங்க" என்றேன்.  "இப்ப வந்து சொல்றியேடி. அவன் நூறு காத்தி கனம் இருப்பானே" என்றாள் பாக்கியம். நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். அவளும் மூக்கைச் சிந்தினாள். பிறகு நான் அவளை எழுப்பி எங்கள் நடுச்சுவரில் நிற்க வைத்தேன். இப்போது சிமெண்டுச் சுவர், விழாது. கையை ஊன்றச் சொன்னேன், சாயச் சொன்னேன், தள்ளச் சொன்னேன். முதல் நாளே ஏழு தள்ளினாள். நான் நாலுதான் தள்ளியவள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பால் டின்னில் மணல் போட்டுத் தரலாம் என்று நான் எழுந்தபோது, அவள் வேண்டாம் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த வாளியை இழுத்தாள். துருப்பிடித்திருந்தாலும் ஓட்டை இல்லை. உள்ளே விரலை விட்டுத் தடவினாள். கண் சரியாகத் தெரியாததால் கீறல்களை விரலால் எண்ணினாள். கீழிருந்து முதல் கீறலில் விரலை நிறுத்தி, "கல்யாணத்துக்குள்ள இதுவரைக்கும் வந்துருவேன்" என்றாள். அது உன் முதல் சித்திரை. தாலித் தட்டுக்கு அவ்வளவு கனம் தேவையில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இன்றைக்கு அடி நனையும் அளவுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினோம். வாளி ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன், பிறகு கையை எடுத்துவிட்டேன். அவள் தூக்கினாள்.

அம்மா